படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் வேண்டாம், தம்பி

முதலில் ஒரு தம்பி எழுதி அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூரில் அரை கிரவுண்டில் சொந்த வீடு. கீழே இவர் குடும்பம், மாடியில் ஒரு குடித்தனம். மூன்று ஃபேஸ் சர்வீஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாலு நாள் கரண்ட் இல்லாமல் பட்ட பாட்டை நினைத்து, 2.8 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். படிக்கட்டுக்கு அடியில் தகரப் பெட்டி அடித்து, உள்ளே தெர்மோகோல் ஒட்டி, புகைக்கு ஒரு பைப்பை வெளியே விட்டு, அதற்குள் ஜெனரேட்டரை வைக்கலாமா என்பது முதல் கேள்வி. இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் போட்ட ஒரு வயரை ஏசி பாயிண்டில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வரும், மெயினை ஆஃப் பண்ணினால் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறாராம். அது சரியா என்பது இரண்டாவது.

தம்பி, இரண்டுமே கூடாது. பெட்டி உங்கள் குடும்பத்துக்கு ஆபத்து, ப்ளக் தெருவுக்கு ஆபத்து. நான் முப்பது வருடமாக தண்டையார்பேட்டையைச் சுற்றி வயரிங் வேலை பார்ப்பவன். இதில் ஒன்றை நானே தப்பாகச் செய்து பாடம் படித்தேன், இன்னொன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பெட்டிக் கதை என்னுடையதுதான். ரொம்ப வருடத்துக்கு முன்பு ஒரு கடைக்காரருக்காக ப்ளைவுட்டில் அழகாகப் பெட்டி அடித்தேன். உள்ளே தெர்மோகோல், ஒரு பக்கம் கையகல ஜன்னல், மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். சத்தம் பாதியாகக் குறைந்தது, கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். மூன்றாவது நாள், கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் காயில் கருகிப்போனது. தெர்மோகோல் உருகி சைலன்சர் மேல் வடிந்திருந்தது. தீப்பிடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். காரணம் ரொம்ப எளிது. உள்ளே போகும் பெட்ரோலின் சக்தியில் நாலில் ஒரு பங்கு கரண்டாக வந்தால் பெரிய விஷயம், மிச்சமெல்லாம் சூடு. உங்கள் ஜெனரேட்டர் 2 கிலோவாட் கொடுக்கும்போது மூன்று கீசர் அளவு சூட்டைப் பக்கத்தில் கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் கூலிங் இல்லாத இன்ஜின் அது. கயிறு இழுக்கிற பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி, சிலிண்டர் மேல் அடித்து, மறுபக்கம் தள்ளுகிறது. பெட்டிக்குள் வைத்தால் தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சும்.

ஆனாலும் காயில் கருகுவதை நான் பெரிய ஆபத்தாகச் சொல்லவில்லை, அதற்குப் பணம் கட்டிவிடலாம். படிக்கட்டுக்கு அடியில் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது வேறு காரணத்துக்காக. பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்காரும், அதுவும் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. எண்ணூர், மணலிப் பக்கத்து ஆட்களுக்கு ஆலைப் புகையை மூக்காலேயே கண்டுபிடிக்கத் தெரியும். 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது நடு ராத்திரியில் மூக்கும் கண்ணும் எரிந்து ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். அந்த எரிச்சல்தான் அவர்களை எழுப்பியது. இந்த வாயு எழுப்பாது. தலைவலிக்கும், கொஞ்சம் குமட்டும், உடம்பு அசதியாக இருக்கும். புயல் நேரத்தில் தூங்காததால் என்று நினைத்துப் படுத்துவிடுவோம், அவ்வளவுதான்.

பைப்பை வெளியே விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய இயந்திரத்தில் சைலன்சர் ஜாயிண்ட்டிலேயே கசிவு இருக்கும். நீளமான பைப் போட்டால் புகை வெளியேற முட்டிக்கொண்டு இன்ஜின் திணறும், கசிவு இன்னும் கூடும். அடுத்து, படிக்கட்டு என்பது வீட்டுக்குள்ளேயே நிற்கும் ஒரு புகைப்போக்கி மாதிரி. கீழே சூடாகக் கிளம்பும் வாயு நேராக மாடிக் குடித்தனத்தின் வாசலுக்குத்தான் போகும். அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கதவு, ஜன்னல், வென்டிலேட்டரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஓட்டவேண்டும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு. சரி, அரை கிரவுண்டில் 20 அடிக்கு எங்கே போவது? மனையின் அகலமே 20 அடிதான். பக்கச் சந்து மூன்றடி, அதிலும் பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னல் திறக்கும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் உங்கள் ஜன்னல் மாதிரியே கணக்கில் எடுக்கவேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தெருவில் வைத்தால் அடுத்த மழையில் முழங்கால் தண்ணீர். ஆக, வடசென்னையில் உங்களை மாதிரி வீட்டுக்கு எனக்குத் தெரிந்து மிஞ்சுவது மொட்டை மாடி ஒன்றுதான்.

மொட்டை மாடி என்றதும் பாரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இந்த அளவு ஜெனரேட்டர் ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும். தண்ணீர் டேங்க் இதைப்போல் இருபது மடங்கு. ஹெட்ரூம் (படிக்கட்டு மாடியில் முடியும் இடத்து அறை) கதவிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மாடியின் எதிர் மூலையில் இடம் பிடியுங்கள். நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். மழைக்காலத்தில் பெரும்பாலும் வடகிழக்கு. காற்று புகையை ஹெட்ரூம் பக்கம் தள்ளாத மூலையாகப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது ஹெட்ரூம் கதவு மூடியே இருக்கவேண்டும். கேபிளுக்காகக் கதவை ஒருக்களித்து வைக்கிற வேலையே வேண்டாம், சுவரில் ஒரு துளை போட்டு பைப்பில் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் உங்களைவிட ஒரு மாடி உயரமான வீடு இருந்து, அதன் ஜன்னல் உங்கள் மாடியைப் பார்த்திருந்தால் அந்த மூலையும் ஆகாது.

இப்போது பெட்டி விஷயம். நீங்கள் பெட்டி கேட்பது மூன்று காரணத்துக்காக: மழை, திருட்டு, சத்தம். ஒரே பெட்டி மூன்றையும் தீர்க்கவேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கலே. வைக்கிற இடம் வேறு, ஓட்டுகிற இடம் வேறு என்று பிரித்துவிடுங்கள். ஓடாதபோது ஹெட்ரூமுக்குள் பூட்டி வையுங்கள், டேங்கில் பெட்ரோல் இல்லாமல். ஓட்டும்போது வெளியே தள்ளிக்கொண்டு வந்து கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். சக்கரம் இல்லாத மாடல் என்றால் ஒரு வெல்டரிடம் சொல்லி ஆங்கிள் ஃபிரேமில் நாலு சக்கரம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பெட்டி எதற்கு? கூரை மட்டும் போதும்.

அந்தக் கூரை எப்படி இருக்கவேண்டும் என்றால், நாலு கால், மேலே சாய்வாக ஒரு ஷீட், நாலு பக்கமும் திறப்பு. ஜெனரேட்டரின் நாலு பக்கமும் மூன்றடி வெட்டவெளி, தலைக்கு மேலும் மூன்றடி. சாரலுக்குப் பயந்து தார்ப்பாய் கட்டி மூடாதீர்கள். வேண்டுமானால் ஷீட்டை ஒவ்வொரு பக்கமும் இரண்டடி நீட்டிக்கொள்ளுங்கள். தரையில் நாலு அங்குலத்துக்கு ஒரு மேடை கட்டினால் மாடியில் தேங்கும் தண்ணீர் தொடாது, அதன்மேல் ரப்பர் மேட் போட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்காது. கால்களைக் கைப்பிடிச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டும். 2016 வர்தா புயலில் எத்தனை மாடிக் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புயல் அடிக்கும்போது மேலே போய் ஓட்ட நினைக்கவே கூடாது. காற்று அடங்கி மழை விட்ட பிறகுதான் ஓட்டுவது. அதுவரைக்கும் மெழுகுவர்த்தியும் டார்ச்சும் போதும். கடலோரம் இருப்பவர்களுக்கு, அதாவது காசிமேடு, திருவொற்றியூர் பக்கம், இன்னொன்று சொல்லவேண்டும்: உப்புக்காற்றில் சாதா ஷீட்டும் நட்டும் இரண்டு மழைக்குத் தாங்காது. கால்வனைஸ் செய்ததையே வாங்குங்கள், ஜெனரேட்டர் சாக்கெட்டுக்கு மூடி போடுங்கள்.

சத்தத்துக்கு முழுத் தீர்வு கிடையாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. திறந்த ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் அதைவிட எவ்வளவோ அதிகம். தூரமும் நேரக் கட்டுப்பாடும்தான் வழி. ராத்திரி முழுக்க ஓட்டவேண்டிய அவசியமே இல்லாமல் செய்யலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கி, மாடிக் குடித்தனத்தின் படுக்கையறையில் ஒன்றும் உங்கள் படுக்கையறையில் ஒன்றும் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். கேஸ் சிலிண்டர் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரம் இதற்கு உதவாது, கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார், பார்த்து வாங்குங்கள். அலாரம் அடித்தாலோ வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலித்தாலோ, முதலில் எல்லோரும் வெளியே. 108-ஐக் கூப்பிட்டு, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு வழி தெரியும்.

இனி இணைப்பு. இரண்டு முனையும் ஆண் ப்ளக் வைத்த வயரை என்னிடம் வேலை கற்ற பையன் யாராவது செய்தால் அவன் கட்டிங் பிளேயரைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். ஒரு முனையை ஏசி பாயிண்டில் செருகி ஜெனரேட்டர் ஓடும்போது அது கழன்றால், பளபளவென்று பித்தளைப் பின் இரண்டும் 230 வோல்ட்டோடு தரையில் கிடக்கும். ஈரத் தரை, வெறுங்கால், குழந்தைகள். இது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல.

இன்னும் பெரிய விஷயம் தெருவுக்குப் போகும் கரண்ட். கொடுங்கையூர் மாதிரி இடத்தில் கரண்ட் பெரும்பாலும் நிலத்தடிக் கேபிளில், தெருமுனைப் பில்லர் பாக்ஸ் (ஈபியின் தெருவோரப் பெட்டி) வழியாக வருகிறது. நீங்கள் மெயினை ஆஃப் செய்ய மறந்தால் உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட் அதே கேபிளில் எதிர்த்திசையில் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி. எதிர்ப்பக்கமாகக் கொடுத்தால் அதுவே ஏற்றிக் கொடுக்கும் கருவி. சின்ன ஜெனரேட்டர் தெருவையே தாங்குமா, உடனே டிரிப் ஆகிவிடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தெரு முழுக்க இணைந்திருந்தால் டிரிப் ஆகும், உண்மைதான். ஆனால் புயலுக்குப் பிறகு தெரு முழுசாக இணைந்திருக்காது. கேபிள் எங்கோ அறுந்திருக்கும், பில்லர் பாக்ஸில் பியூஸ் கேரியரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டோடு ஒட்டிய அந்தத் துண்டு மட்டும் உயிரோடு இருக்கும். அந்தத் துண்டைத்தான் ஈபி ஆள் கையில் எடுப்பார்.

வர்தா சமயத்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். கரண்ட் போய் இரண்டாவது ராத்திரி, ஒரு வீட்டில் ஜெனரேட்டர் சத்தம். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு வாசல் பல்ப் மங்கலாக எரிந்தது. அந்த வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது. ஜனங்கள் ‘கரண்ட் வந்துடுச்சு’ என்று கை தட்டினார்கள், எனக்குக் கை நடுங்கியது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போட்டேன் என்றார் வீட்டுக்காரர். செய்திருந்தார், முதல் நாள். நடுவில் கரண்ட் வந்ததா என்று பார்க்க அவர் மகன் மெயினை ஆன் செய்து பார்த்திருக்கிறான், அப்படியே விட்டுவிட்டான். காலையில் பில்லர் பாக்ஸைத் திறக்க ஆள் வந்தார். இந்தக் கொடுங்கையூரிலேயே 2017 நவம்பரில், தேங்கிய மழைநீரில் கேபிள் கரண்ட் பாய்ந்து இரண்டு சிறுமிகள் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஈபி கரண்ட். தெருத் தண்ணீரில் இறங்கினால் நம் ஜெனரேட்டர் கரண்ட் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

மெயின் ஆஃப் என்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மூன்று ஃபேஸ் வீடுகளில் பழைய மெயின் சுவிட்ச் மூன்று ஃபேஸை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் ஒரு பித்தளை லிங்க்கில் அப்படியே தெருவோடு சேர்ந்திருக்கும். மூன்று ஃபேஸை மட்டும் வெட்டும் எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்) போட்டிருந்தாலும் இதே கதைதான். நீங்கள் கைப்பிடியை இறக்கிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், நியூட்ரல் வழியாக உங்கள் ஜெனரேட்டரும் தெருவும் கை கோத்துக்கொண்டு நிற்கும்.

சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு கைப்பிடி, மூன்று நிலை: மேலே ஈபி, நடுவில் எதுவும் இல்லை, கீழே ஜெனரேட்டர். ஒன்றை விட்ட பிறகுதான் மற்றதைத் தொடும். மறதிக்கு அதில் இடமே இல்லை, கைப்பிடி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஜெனரேட்டர் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு. ஒரு எச்சரிக்கை: நம் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்ற ஃபேஸ் செலக்டர் என்று வட்டமாக ஒன்று வைத்திருப்போமே, அதிலேயே ஒரு முனையை ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஃபேஸை மட்டும்தான் மாற்றும், நியூட்ரலை மாற்றாது. வேண்டாம்.

மூன்று ஃபேஸ் வீடு என்பதால் இரண்டு வழி இருக்கிறது. மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நாலு போல் சேஞ்ச் ஓவர் போட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று ஃபேஸ் முனையையும் ஒன்றாக லூப் செய்து முழு வீட்டுக்கும் கொடுக்கலாம். மூன்று ஃபேஸ் மோட்டார் எதுவும் இருந்தால் அதைத் தனியே பிரித்துவிடவேண்டும். எனக்கு இது பிடிக்காது. யாராவது பழக்கத்தில் கீசரையோ ஏசியையோ போட்டுவிடுவார்கள், ஜெனரேட்டர் படுத்துவிடும். நான் செய்வது இது: அவசியமான சர்க்யூட்டுகளை மட்டும் ஒரு சின்ன டி.பி. பெட்டிக்கு (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாகக் கொண்டுவருவேன். ஃபிரிட்ஜ் பாயிண்ட், சம்ப் மோட்டார், இன்வெர்ட்டர் பாயிண்ட், கூடத்து லைட், ஒவ்வொரு ரூமிலும் ஒரு ஃபேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் 32 ஆம்பியர் இரண்டு போல் சேஞ்ச் ஓவர். ஃபேஸ் மட்டுமில்லை, அந்த சர்க்யூட்டுகளின் நியூட்ரலும் பழைய நியூட்ரல் பாரிலிருந்து பிரிந்து இந்தப் பெட்டிக்கு வரவேண்டும். வேலையில் கஷ்டமான பகுதி இதுதான், சோம்பேறி எலக்ட்ரீஷியன் விட்டுவிடும் பகுதியும் இதுதான். பிரிக்காமல் விட்டால், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். உடனே அவர் ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிடச் சொல்வார்.

கேபிள்: 2.8 கே.வி.ஏ. என்றால் 12 ஆம்பியர் சொச்சம். மாடியிலிருந்து கீழே 25 மீட்டர் இருந்தாலும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர மூன்று கோர் போதும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழக்கூடாது என்று நான் 4 போடுவேன். மாடிச் சுவரில் தண்ணீர் புகாத இண்டஸ்ட்ரியல் இன்லெட் ஒன்று பதியுங்கள், பின் இருக்கும் பக்கம் சுவரில், துளை இருக்கும் பக்கம் ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிளில். கரண்ட் வருகிற முனை எப்போதும் துளையாகவே இருக்கவேண்டும் என்பது பழைய பாடம்.

எர்த் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த வகைச் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படியே வீட்டுக்குக் கொடுத்தால், ஃபிரிட்ஜ் உடம்பில் கசிவு வந்தாலும் கரண்ட் திரும்பிப்போக வழி இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது. இதில் வேடிக்கை என்னவென்றால் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழும். அந்தப் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் சோதிக்கிறது, எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் பட்டனை நம்பி ஏமாறாதீர்கள். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் போட்ட பிறகு, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, பாடியையும் வீட்டு எர்த்துக்குக் கொண்டுபோனால்தான் ஆர்.சி.சி.பி.க்கு உயிர் வரும். நியூட்ரலை மாற்றாத சுவிட்ச் இருந்தால் இதைச் செய்யக்கூடாது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் சிலவற்றில் உள்ளமைப்பே வேறு, கம்பெனி புத்தகத்தைப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது. இதெல்லாம் நீங்களே யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை. உரிமம் வைத்திருக்கும் கம்பியாள் ஒருவரைப் பிடியுங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். வேலை முடிந்ததும் ஜெனரேட்டரை ஓட்டி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஆர்.சி.சி.பி. டெஸ்டர் வைத்து அது விழுவதைக் கண்ணால் பாருங்கள்.

இப்போது ராத்திரி ஓட்டாமல் இருப்பது எப்படி என்று சொல்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே 150 ஏ.எச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வேலை அதனுடையது. கணக்குப்படி அந்த பேட்டரியில் 1.8 யூனிட், பாதுகாப்பாக எடுத்தால் 1.2 யூனிட்டை ஒட்டி. மூன்று ஃபேனும் நாலு எல்.இ.டி. பல்பும் நாலைந்து மணி நேரம் தாராளமாக ஓடும். குறைந்த வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ராத்திரி முழுக்க ஓடும். ஜெனரேட்டரைக் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் முதலில் மோட்டாரைத் தனியாகப் போட்டு மேல் டேங்க்கை நிரப்புங்கள். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் வேறு எதுவும் அப்போது ஓடக்கூடாது. அரை எச்.பி. என்றால் பிரச்சினை இல்லை, ஒரு எச்.பி. என்றால் இந்த ஜெனரேட்டருக்கு முக்கல் முனகல்தான். டேங்க் நிறைந்ததும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டர் சார்ஜும். 

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கரண்டை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால், பின்னால் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். நிறையப் பேர் இதைத் தெரியாமல் ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள்.

சேஞ்ச் ஓவர் செலவு வேண்டாம், இன்வெர்ட்டர் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி நேராக ஜெனரேட்டர் எக்ஸ்டென்ஷனில் செருகினால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். பேட்டரி சார்ஜ் ஆகும், தெருவுக்கும் ஆபத்தில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டரிலிருந்து ஃபேஸ் ஒரு வயர் மட்டும்தான் போகும், நியூட்ரல் வீட்டுப் பொது நியூட்ரலில்தான் திரும்பி, அந்தச் சுவர் ப்ளக் வழியாக இன்வெர்ட்டருக்கு வரும். ப்ளக்கைப் பிடுங்கியதுமே லைட் எல்லாம் அணைந்துவிடும். ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள், உங்கள் வீடு எந்த வகை என்று தெரிந்துவிடும். அணைந்தால், இந்த வழியில் சார்ஜ் மட்டும்தான் செய்ய முடியும். அதை யாராவது எர்த் வழியாகத் திருப்பிக் கொடுத்து எரியவைக்கிறேன் என்றால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பெட்ரோலைப் பற்றி. இந்த ஜெனரேட்டர் நல்ல லோடில் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி, நாலு நாள், ஆக 16 லிட்டர். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்க 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அடைப்பு இறுக்கமான உலோகக் கேனில், ஒரு கேன் 25 லிட்டருக்கு மிகாமல். சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன் கூடாது. அதையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மாடியில் சிந்தினால் படிக்கட்டு வழியாக இறங்கி பூஜை விளக்கைத் தேடிப் போகும். ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் ஊற்றக்கூடாது. அணைத்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போய் ஊற்றுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலக்கிறார்கள், நம் ஈரக் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சும். கார்புரேட்டரில் தங்கினால் புயல் வந்த அன்று கயிறு இழுத்துக் கை வலிக்கும். மாதம் ஒரு தடவை கால் மணி நேரம் லோடோடு ஓட்டி, பெட்ரோல் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை விட்டுவிட்டு வையுங்கள்.

மாடிக் குடித்தனக்காரரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சேஞ்ச் ஓவர் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது உட்பட. கரண்ட் இல்லாதபோது புகார் சொல்ல மின்னகம் எண் 94987 94987. தெருத் தண்ணீரில் பில்லர் பாக்ஸ் மூழ்கியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், ஜெனரேட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தகரப் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதே பணத்தில் சாய்வுக் கூரை அடித்துத் தரச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சையும் டி.பி.யையும் மூடியைத் திறக்காமல், முன்பக்கம் எழுதியிருப்பது தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நியூட்ரலை வெட்டுகிற வகையா, லிங்க் போட்ட வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.